கடிக்கிற ஷூ

ஷூ என்றால் காலில் போடுவது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாண்டிச்சேரியில் அது தின்கிற பண்டம். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் உங்களை அந்த ஊருக்கு அழைத்துப் போகிறார்களாம். அங்கே எதையெல்லாம் வாங்கித் தின்னலாம் என்று காலையிலிருந்து என் உயிரை எடுக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்தப் பண்டத்தின் பேரை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் கோபத்தையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கும்.

அப்போது நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பாண்டிச்சேரியில் ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஊர் இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. அங்கிருந்து வருகிற பஸ்ஸைச் சுங்கச் சாவடியில் நிறுத்தி மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்க்கச் சொல்வார்கள். பேனா, சென்ட்டு, கைக்கடிகாரம் என்று சீமைச் சாமான் எது இருந்தாலும் வரி கட்டவேண்டும், இல்லாவிட்டால் பறிகொடுக்கவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மாமல்லபுரம். கடலோரத்தில் சவுக்குத்தோப்பு வைத்திருந்த குடும்பம். எல்லாம் பேசி முடித்துத் தாம்பூலம் மாற்றப்போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகத் தொண்டையைக் கனைத்து, “பையன் கைக்கு ஒரு பாரின் வாச்சு போட்டுடுங்க” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெரியவர்கள் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் மாமா வந்தார். “சின்னவன என்கூட அனுப்புக்கா, ஊரப் பாத்துகினு வரட்டும்” என்று அம்மாவிடம் கேட்டார். நான் தலைகால் புரியாமல் குதித்தேன். கிளம்பும்போது அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

“டேய், மாமா கடையில ஷூன்னு ஒண்ணு கீதாமே, உள்ள வெண்ணெய் மாதிரி இருக்குமாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு கொண்டாடா. ஒடையாம கொண்டாரணும்.”

அக்கா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் எல்லாரும் எதையாவது கேட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி கேட்டார், சமையல்காரர் கேட்டார், பந்தல் போடுகிறவர்கூடக் கேட்டார். உனக்கு என்ன வேண்டும் என்று அவளைத்தான் யாரும் கேட்கவில்லை. நான் என் கழுத்தைத் தொட்டு சத்தியம் செய்துகொடுத்தேன்.

மாமாவின் கடையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். மாமா ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“இது எக்லேர். அப்படின்னா மின்னலு. வாயில வெச்சா போன எடம் தெரியாது. இது மீல்ஃபே. ஆயிரம் இலைன்னு அர்த்தம்.”

“மெய்யாலுமே ஆயிரம் கீதா மாமா?”

“எண்ணாதடா. அடுக்குற நானே எண்ணல. தோ பாரு, இது பூனை நாக்கு.”

“ஐயே!”

“பேருதாண்டா அது. நாக்கு மாதிரி நீளமான பிஸ்கோத்து.”

மின்னலைக் கடையிலேயே நின்று தின்றுவிடுங்கள். பஸ்ஸில் கொண்டுவந்தால் மேலே தடவிய சாக்லேட்டு பெட்டி மூடிக்குப் போய்விடும். ஆயிரம் இலையைக் கடிக்கும்போது மூச்சு விடாதீர்கள், சட்டையெல்லாம் உதிரும். வாத்தியாரைப் பார்த்த பையன் மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கும் புட்டிங்கு ஒன்று உண்டு, அடியில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு. அதைக் கட்டாயம் தின்னுங்கள். இதெல்லாம் நான் பின்னாளில் தின்று தெரிந்துகொண்டது. அன்றைக்கு ஒரு பூனை நாக்கோடு சரி.

கடைசியில் ஷூ. உருண்டையாக, என் கைமுட்டியைவிடப் பெரிதாக இருந்தது. பூரி மாதிரி உப்பி உள்ளே வெறுமையாக இருக்குமாம். அப்புறம் கீறி, கிரீமை ரொப்பி மூடுவார்களாம். மாமா ஆறு ஷூக்களைப் பெட்டியில் அடுக்கினார். ஒன்றின் மேல் மட்டும் ஒரு செர்ரிப் பழம் வைத்திருந்தார்.

“இது அக்காவோடது. வேற எவனும் கைவெக்கக் கூடாது. உன் பொறுப்பு, தெரிதா?”

தூக்கிப் பார்த்தேன். “இது மட்டும் கனமா கீதே மாமா?”

“அதுல கிரீம் ஜாஸ்தி.”

பஸ்ஸில் ஜன்னலோரம்கூட வேண்டாம் என்று பெட்டியை மடியில் வைத்து வளைத்துப் பிடித்துக்கொண்டேன். சுங்கச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் என் முன்னால் குனிந்தார்.

“பெட்டியில என்ன தம்பி?”

“ஷூ சார்.”

“யாருக்கு?”

“எங்க அக்காவுக்கு.”

“எத்தனை ஜோடி?”

“ஜோடியெல்லாம் இல்ல சார். ஆறு கீது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது.

“யாரைடா கேலி பண்றே?”

“இதான் சார் ஷூ! சத்தியமா!”

அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கிற குத்தூசியை எடுத்தார். முதல் ஷூவில் இறக்கினார். பிறகு அதை இரண்டாகப் பிளந்தார். கிரீம் அவர் விரலில் வழிந்தது. துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பிளந்தார். அதற்கடுத்தது. நான் மாமாவைப் பார்த்தேன். பஸ்ஸில் ஒருவன் தோளில் இடித்தாலே ஊரைக் கூட்டுகிறவர், எங்கோ பராக்குப் பார்த்தபடி நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஐந்தாவதும் போயிற்று. அவர் கை செர்ரிப் பழத்தின் பக்கம் வந்தது. நான் அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கடித்துவிட்டேன். சும்மா இல்லை, பல் பதியக் கடித்தேன். ஷூவைப் பறித்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, “எங்க அக்காவோடது! எங்க அக்காவோடது!” என்று அலறினேன்.

கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் முன்னால் வந்தாள். “இன்னாய்யா நீ, பச்சப் புள்ளையோட மல்லுக்கு நிக்கிற? அஞ்சு ஒடச்சியே, எதுனா கீதா அதுல? வுடுய்யா, பெரிய பேஜாரு!” டிரைவர் ஆரனை அழுத்தினார். காக்கி உடுப்புக்காரர் கையை உதறிக்கொண்டு, “போடா ராட்சசா” என்றார். கடைசியில் அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

செங்கல்பட்டு வந்து சேரும்வரை நான் கையைப் பிரிக்கவில்லை. நேரே அக்காவிடம் போய் நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி, முகர்ந்து பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாயருகே கொண்டுபோனாள்.

“ஏய், கடிக்காத! பல்லு பூடும்!” மாமா பாய்ந்து பிடுங்கினார். ஒரு தட்டின் மேல் வைத்து அதைப் பிய்த்தார். உள்ளேயிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம் வந்தது. பொட்டலத்துக்குள் கைக்கடிகாரம், கூடவே தனியாக ஒரு புதுத் தோல் வார்.

அப்பா சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். மாமாவுக்கு ஒரே சிரிப்பு. “அஞ்ச ஒடச்சான், ஆறாவதுக்குக் கடி வாங்கிகினு வுட்டுட்டான்! பெரியவங்க அழுதா நடிப்புன்னு கண்டுபுடிச்சிடுவாங்க. இவன் மெய்யாலுமே அழுவான்னுதான் இட்டுகினு போனேன்.”

மெய்யாலுமே அழுவான் என்று! கேட்டீர்களா பிள்ளைகளே? சாவடிக்காரர் யாரோ எவரோ, அவர் வேலையை அவர் செய்தார். அக்காவின் ஷூவை உடைத்தது மாமா. கையில் கிடைத்த சொம்பை அவர் மேல் வீசினேன். அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். அவரும் சிரித்துக்கொண்டேதான் அடித்தார்.

அக்கா கையை நீட்டினாள். “வாச்ச இப்படிக் குடுங்க, தொடச்சி வார் மாட்டி வெக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டாள். தட்டையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நான் போய்ப் பார்த்தபோது, தட்டில் ஒட்டியிருந்த கிரீமையும் செர்ரிப் பழத்தின் பாகையும் விரலால் வழித்து, புதுத் தோல் வாரின் உள்பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா பண்றே?”

“புது வாருடா, கையைக் கடிக்கும். இத்தத் தடவி வெச்சா மெத்துனு ஆயிடும்.”

செர்ரிப் பழத்தை எனக்கு நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் தின்னவேண்டியதைப் பிடுங்கிக்கொண்டவர்களின் வாச்சுக்கு இவளே தைலம் போடுகிறாளே என்று அவள் மேலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

கல்யாணம் மாமல்லபுரத்தில், மாப்பிள்ளை வீட்டு வாசலில். மணலில் சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல் போட்டிருந்தார்கள். சீர்த் தட்டில் கற்கண்டு, பழம், நடுவில் வாச்சு, காலையிலிருந்து எல்லாருக்கும் காட்சிக்கு இருந்தது. மணையில் உட்கார்ந்ததும் அதை மாப்பிள்ளை கையில் கட்டினார்கள். அவர் அதைச் சபைக்குத் தெரிகிற மாதிரி திருப்பித் திருப்பி மணி பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தார். கையை உதறினார். பட்டு வேட்டியில் தேய்த்தார்.

“இன்னாடா நெளியிற? ஒழுங்கா குந்து” என்று அவருடைய அப்பா அதட்டினார்.

“கடிக்குது நைனா!”

“இன்னா கடிக்குது?”

“வாச்சு கடிக்குது!”

பந்தலே கொல்லென்று சிரித்தது. வாரை அவிழ்த்துப் பார்த்தால் உள்பக்கம் முழுக்கச் செவ்வெறும்பு. மணிக்கட்டு வளையல் போட்ட மாதிரி வீங்கியிருந்தது. பாரின் வாச்சு மணலில் கிடந்தது. ஆளாளுக்குச் செருப்பால் எறும்பை நசுக்கினார்கள்.

அக்கா தலையை நன்றாகக் குனிந்துகொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. “பாவம், பொண்ணு அழுவுது” என்று யாரோ சொன்னார்கள். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அவள் அழுகிறாள் என்றே நம்பினேன். எல்லாம் இந்த மாமாவால் வந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவரையே முறைத்தேன். அந்தப் பந்தலில் கோபமாக இருப்பது நான் ஒருவன் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.