தயிர் என்று திருத்தி வாசிக்கவும்

நடந்தவை, வரிசைப்படி:

1. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்து ஊர்ப் பால் சங்கத்தில் நான் டெஸ்டர். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பது வேலை. அதற்கென்றே பயிற்சி பெற்றவள்.

2. ஒரு கோடையில், சோதனை அறைச் சாவியோடு செயலாளர் வரத் தாமதமானது. வெளியே வெயிலில் இருந்த மாதிரிப் பால் முழுவதும் புளித்துக் கட்டியாகிவிட்டது. அதைச் சோதிக்க முடியாது என்று எழுதி வைத்தேன்.

3. பால் ஊற்றும் கன்னடக்கார அம்மா ஒருவர் அதைச் செயலாளரிடம் போய்த் தன் பாஷையிலேயே சொன்னார்.

4. செயலாளர் அரூர்க்காரர். கன்னடம் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது.

5. மறுநாள் அறிவிப்புப் பலகையில்: 'டெஸ்டர் மோசம் செய்வதாக உறுப்பினர் புகார்.'

என் வேலை நிரந்தரமாக வேண்டிய வருடம் அது. பலகையில் இருப்பது மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் வேலை போய்விடும். தர்மபுரியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன்.

"மூணாவது மனுசங்க காதுல விழுந்தாத்தான் அவதூறுங்க. யாராவது படிச்சாங்களா?"

"பால் ஊத்துற அத்தனை பேரும் படிச்சாங்க சார்."

"ரொம்ப சந்தோஷம்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா கோர்ட்டுல அதே வார்த்தைய நீங்களே சொல்லணும்மா. வாய்தாவுக்கு வாய்தா சொல்ல வேண்டி வரும். படிக்காதவங்களும் கேட்டுக்குவாங்க. அதுவுமில்லாம, நல்லெண்ணத்துல எழுதினேன்னு அவர் தப்பிச்சுக்கலாம்."

என் நல்ல பெயரைக் காக்க நானே ஊர் ஊராய் என்னை மோசக்காரி என்று சொல்லிவர வேண்டும். முதலில் ஒரு நோட்டீஸ் போதும் என்றேன்.

நோட்டீஸ் வந்ததும் செயலாளருக்குச் சாட்சி தேவைப்பட்டது. காலையில் பால் வரிசையிலேயே அந்த அம்மாவைப் பிடித்தார்.

"டெஸ்டரம்மா மோசம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மோசமா? ஐயோ ராமா! மொசராகோய்த்து அந்தேனப்பா. மொசரு! தயிரு! நீங்க சாவி எத்துக்கிட்டு வர்றதுக்குள்ள பாலெல்லாம் தயிராப் போச்சுன்னேன்."

வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல்: "செகரட்டரி சாருக்கு ரெண்டு கரண்டி மோசம் ஊத்துங்கப்பா, வெயிலுக்கு நல்லது!"

கேன்கள் அதிரச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எழுத்தில் திருத்தம் வேண்டும் என்றேன். பலகையில் போட்டது பதிவேட்டிலும் ஏறிவிட்டது, அதை அடிக்க விதியில் இடமில்லை, திருத்தக் குறிப்பு மட்டும் போடலாம் என்றார் செயலாளர். அன்றைக்கே போட்டார்: "மோசம் என்பதைத் தயிர் என்று திருத்தி வாசிக்கவும்."

அவர் சொன்னபடியே வாசித்துப் பார்த்தேன். 'டெஸ்டர் தயிர் செய்வதாக உறுப்பினர் புகார்.'

மாவட்ட அலுவலகத்தில் இதைப் படித்தவர்களுக்கு இதில் எந்த விதி மீறப்பட்டது என்று புரியவில்லை. வேலை நிரந்தரமானது. வழக்குப் போடவில்லை. சங்கத்துப் பாலில் தயிர் செய்தவள் என்று என் கோப்பில் இன்னும் இருக்கிறது. அதை மறுத்து நான் எதுவும் எழுதவில்லை.