மனிதக்குரங்கின் பக்கத்தில் ஒரு மரப்பாசி

துண்டுப்பிரசுரம் கொடுப்பது, வாங்கியவர் நம் கண்ணெதிரிலேயே கசக்கிப் போடுவதைப் பார்த்துக்கொண்டே அடுத்தவருக்குக் கை நீட்டும் தொழில். நீட்டிய கைகளுக்குத் தெரியும், தோழர்களே. ஸ்ரீராம்புரத்தில் முதலில் எங்கள் மில்லை மூடினார்கள். அடுத்து தெருக்குழாயைப் பிடுங்கினார்கள். அதற்கடுத்து படிப்பகத்தை இடித்தார்கள். நான்காவதாக, வடிகால் வெட்டுவதற்காக முனையில் இருந்த மாமரத்துக்கு வந்தார்கள். அதன் பட்டையில் அழிந்துவரும் லைக்கன் ஒன்று ஒட்டியிருப்பதாகக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் சொல்லியிருந்தார். பிரியாணிக்குப் போடும் கல்பாசிக்கு அது தூரத்து உறவு.

குடித்தனம்

காளானும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழ்வதுதான் லைக்கன். ஒன்று இடம் கொடுக்கும், மற்றது சோறாக்கும் என்று பிரசுரத்தில் எழுதியிருந்தேன். இஸ்திரி வண்டிக்காரர் அதைக் கடைசி வரி வரை படித்தார். நெகிழ்ந்துபோய் நின்றேன்.

"அது சரி தோழரே, சண்டை வந்தா இதுல எது அம்மா வீட்டுக்குப் போவும்?"

பக்கத்து மேசை

மரத்தடியில் எனக்குப் பக்கத்து மேசை ரேவதியுடையது. ஈரோட்டிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒராங்குட்டானைக் காப்பாற்றக் கையெழுத்து வாங்குவாள். அவள் படத்தில் தாய்க்குரங்கு குட்டியை அணைத்திருந்தது. என் படத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அவளிடம் கூட்டம், என்னிடம் ஈ.

"ரெண்டுக்கும் வீடு மரம்தானேம்மா. உன் குரங்காவது அடுத்த மரத்துக்குத் தாவும். இது எங்கே போகும்?" என்று பொருமினேன். அவள் தன் காபியில் பாதியை எனக்கு ஊற்றினாள்.

"கோச்சுக்காதீங்கண்ணா. எங்க குரங்கு பேரு 'மீனு'ன்னு சொன்ன பிறகுதான் கையெழுத்தே போடறாங்க. உங்களுதுக்கும் ஒரு பேரு வைங்க."

சாட்சிகள்

அதற்குள் ரம்பத்தோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். மேஸ்திரி என் பிரசுரத்தை வாங்கி ரம்பத்தின் எண்ணெயைத் துடைத்தார். இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மரத்தடியில் பூக்கட்டும் கற்பகம் எழுந்து வந்தாள். "பேரு வைக்காம எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது" என்றாள். குழந்தையானால் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். இதற்குக் காது எங்கே? பட்டையில் வாயை வைத்து, தெருவே சாட்சியாக உரக்கச் சொன்னாள்:

"பச்சையம்மா. பச்சையம்மா. பச்சையம்மா."

பகுத்தறிவு பேசும் எனக்குக் கூச்சமாக இருந்தது. மேஸ்திரி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு இன்ஜினியரிடம் போனார்.

"சார், அது எங்க குலசாமி பேரு. நான் கை வைக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோங்க."

வேறு ஆள் வரவில்லை, மரம் நிற்கிறது, மழை பெய்தால் தெரு முழுக்கத் தண்ணீரும் நிற்கிறது, அதற்கும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.