ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் ஒரு லேப்டாப்

தோகிலுபே என்று கேட்டால் எங்கள் தீவில் எல்லோரும் யோசிப்பார்கள். லேப்டாப்காரி லுபே என்று கேளுங்கள், நாய்கூட வழி காட்டும். அந்த லேப்டாப்பைப் பார்த்துப் பொறாமைப்படத்தான் ஒன்றுமில்லை. ஆக்லாந்து மச்சான் பழைய துணியோடும் டின் இறைச்சியோடும் பீப்பாயில் போட்டு அனுப்பியது. அவன் பையன்கள் இரவு பகலாகச் சண்டை விளையாட்டு ஆடி, உள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்டை வறுத்தெடுத்த பிறகுதான் தானம் செய்திருந்தார்கள். நல்ல தானம், போங்கள்!

கொஞ்சம் சூடானால் போதும், திரையில் ஊதாக் கோடுகள் விழும். அப்புறம் அப்படியே உறைந்துவிடும். வேறொருத்தியாக இருந்தால் கோழிக்கூண்டுக்கு மூடியாக்கியிருப்பாள். லுபே விடுவாளா? அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்துத் தூக்கி வைத்தாள். பக்கத்தில் மேசை ஃபேன். படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் குறைத்து வைத்து, அந்தக் கார்டுக்கு அதிக வேலை கொடுக்காமல் பார்த்துக்கொண்டாள். மூடியை மூடவே மாட்டாள். மூடினால் மறுபடி கண் திறக்குமா என்பது அதன் இஷ்டம். அக்கா பையன் கேம் விளையாடக் கேட்டால், "இது ஐசியூல இருக்குடா. பார்க்கலாம், தொடக்கூடாது" என்று விரட்டுவாள்.

எதற்கு இவ்வளவு பாடு? ஊரில் பாதி ஆண்கள் கடல் தாண்டி, குவீன்ஸ்லாந்துத் தோட்டங்களில் ஆரஞ்சு பறிக்கப் போயிருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனையை அவர்களுக்கு நேரலையில் அனுப்புவது அந்த லேப்டாப்தான். போனில் அனுப்பலாமே என்றால் போதகர் விட மாட்டார். முன்பொரு தடவை பிள்ளைகள் மேடையேறியபோது பெற்றோரெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றதில், பின்வரிசைக்குப் பிள்ளைகளின் தலைகூடத் தெரியவில்லை. அன்றிலிருந்து கோயிலுக்குள் போனை எடுத்தால் வெளியே போக வேண்டியதுதான். ஓரத்தில் கேமராவோடு லுபேயின் லேப்டாப்புக்கு மட்டும் அனுமதி.

மே மாதத்து முதல் ஞாயிறு பிள்ளைகளின் நாள். சின்னதும் பெரிதுமாக எல்லாப் பிள்ளைகளும் வேத வசனம் ஒப்பிக்க வேண்டும். போன வருடம் லுபேயின் மகள் சிசிலியா வெள்ளை கவுன் போட்டு, எங்கள் வழக்கப்படி இடுப்பில் புதுப் பின்னல் பாயும் கட்டி மேடையேறி நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. ஓடி வந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து நேரலையில் அதைப் பார்த்த அவள் அப்பா கெலெபி, "நான் அங்க இருந்திருந்தா அழுதிருக்க மாட்டா" என்று மட்டும் சொன்னான். லுபேக்கு நெஞ்சு அறுந்துபோனது. இந்த வருடமும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சிசிலியா ஒற்றைக் காலில் நின்றாள்.

"அப்பா பார்க்கிறாருன்னா சொல்றேன். இல்லேன்னா மாட்டேன்."

"பார்ப்பாருடி கண்ணு. நான் பொறுப்பு."

பொறுப்பேற்ற வாய் மூடுவதற்குள் வந்தது வினை. பெரிய பிள்ளைகள் ஒப்பித்த காலை ஆராதனையிலேயே திரை ஊதாவாகிக் கறுத்தது. லேப்டாப் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாள், விசிறினாள், கெஞ்சினாள். மூச்சே இல்லை. சின்னப் பிள்ளைகளின் முறை சாயங்கால ஆராதனையில். அன்றோ ஞாயிறு, எங்கள் நாட்டில் வேலை செய்யச் சட்டமே விடாத நாள். கடை கிடையாது, பஸ் கிடையாது, துணி காயப்போட்டால்கூடப் பக்கத்து வீடு பார்த்துவிட்டுப் பேசும்.

மத்தியானம் வீட்டில் அத்தனை பேரும் லூ என்கிற இறைச்சிப் பொட்டலத்தைப் பிரித்துச் சேம்பிலையும் தேங்காய்ப்பாலுமாக வெளுத்துக்கட்டினார்கள். லுபேக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நகரத்து ரிப்பேர்க்காரன் போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்னது காதுக்குள் ஓடியது. "சிப்புக்கு அடியில ஈயம் விட்டுப்போச்சு. இனி போர்டைக் கழட்டி அடுப்புல வெச்சுச் சூடு காட்டினாதான் ஒட்டும். கொஞ்ச நாளைக்குத் தாங்கும். ஆனா சமைக்கிற அடுப்புல வெச்சிராதீங்க, விஷப்புகை."

அப்போதுதான் தெருக்கோடியில் புகை தெரிந்தது. ஹாவிலியின் ரொட்டிக்கடை! ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நாட்டில் வேறு எது முடங்கினாலும் ரொட்டி அடுப்பு எரியலாம். லுபே லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கி, ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஹாவிலி மலை போன்ற ஆள். மாவுக் கையோடு விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏ லுபே, வெண்ணெய் தடவவா, ஜாம் தடவவா?"

"அண்ணா, பின்னால இடிஞ்ச பழைய அடுப்பு சும்மாதானே கிடக்கு. தணல் மட்டும் அள்ளிப் போடுங்க."

"அடுப்பு சரி. ஸ்க்ரூவைக் கழட்டுறது வேலையாச்சே. ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சா போலீசு வருவான், அவனுக்கு முன்னாடி போதகர் வருவார்."

சொல்லி வாய் மூடவில்லை, போதகரே வந்து நின்றார். தூக்கம் கெட்ட கோபம் முகத்தில் இருந்தது. ரொட்டி வாசனை அவரை மட்டும் விடுமா? லுபே அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஐயா, நான் ரிப்பேர் பண்ணலை. சுடத்தான் போறேன்."

"அப்ப இந்த ஸ்க்ரூடிரைவர்?"

லுபே அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். ஹாவிலிதான் தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, இன்னைக்கு உங்க வீட்டு மீனைச் செதில் சீவாமலா சுட்டாங்க?" என்றார்.

போதகர் அவரை முறைத்தார். லேப்டாப்பைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார்.

"சீவுங்க, சீவுங்க. சிசிலியா மேடையில நிக்கிறதை நானும் பார்க்கணும்."

பேட்டரி, பிளாஸ்டிக், ஒயர் எல்லாவற்றையும் கழற்றி, பச்சைப் போர்டை மட்டும் அலுமினியத் தாள் உருண்டைகள் மேல் நிறுத்தினாள். ஹாவிலி அடுப்புத் தளத்தில் மாவைத் தூவினார். முதலில் கருகியது, தணலை இழுத்தார். மறுபடி தூவினார். பொன்னிறமானது. "பன்னு சூடு. இப்ப வை" என்றார். அடுப்பு வாயை மூடியதும் ஹாவிலி பழக்கதோஷத்தில் தலை குனிந்து ஜெபமும் பண்ணிவிட்டார். லுபே ஆமென் சொன்னாள். சொல்லாமல் என்ன செய்வாள்!

எடுத்த போர்டை ஆடாமல் அசையாமல் ஆற விட்டார்கள். பூட்டி முடித்ததும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. அது கிடக்கட்டும் என்று பட்டனை அமுக்கினாள். கறுப்பு. கறுப்பு. பிறகு வெளிச்சம்! கோடில்லை, ஊதாவில்லை, துடைத்துவிட்ட மாதிரி திரை. லுபே கூச்சல் போட்டுக்கொண்டு ஹாவிலியின் மாவுக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அன்று ரொட்டி வாங்க வந்தவர்களெல்லாம் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

சாயங்காலம் கோயில் நிரம்பி வழிந்தது. சிசிலியாவின் முறை. ஏறி நின்றாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, அம்மாவை மட்டும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு ஊதாக் கோடு. இன்னொன்று. பிறகு இருட்டு.

ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது. செத்தது திரை மட்டும்தானா, படம் போகிறதா, போகவில்லையா? அவளுக்குத் தெரியவில்லை. அணைத்துப் போட்டால் பிள்ளையின் முறை போய்விடும். சிசிலியா கண்ணாலேயே கேட்டாள்: அப்பா இருக்காரா?

லுபே கையை லேப்டாப்பிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஆம் என்று தலையாட்டினாள்.

பிள்ளை மூச்சை இழுத்து ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை சிதறவில்லை. கடைசி வார்த்தையைக் கூரை அதிரச் சொன்னாள். "மாலியே! மாலியே!" என்று எங்கள் பாஷையில் சபாஷ் போட்டுக் கோயிலே ஆர்ப்பரித்தது. போதகர் மூக்கைச் சிந்தினார். ஹாவிலி வெட்கமில்லாமல் அழுதார். லுபே மட்டும் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டோமோ?

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்ததும் பையில் கிடந்த போன் அடித்தது. கெலெபி. விசும்பல்தான் கேட்டது. கூட இருந்தவன் போனைப் பிடுங்கினான்.

"அண்ணி, படம் முழுசா வந்துச்சு! இங்க எல்லாரும் எழுந்து நின்னு கத்தினோம். இந்த மனுஷன் மாசக்கணக்கா ஆரஞ்சு பறிச்சுக்கிட்டே அதே வசனத்தை முணுமுணுத்துட்டுத் திரிஞ்சாரு. பிள்ளை நின்னுட்டா எடுத்துக் கொடுக்கணுமாம்!"

போன் மறுபடி கெலெபி கைக்கு வந்ததும் லுபேக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நீங்க அங்கேருந்து கத்தினா இங்க கேட்குமாங்க?"

"கேட்காதுன்னு தெரியும்" என்றான் கெலெபி. "இருந்தாலும் படிச்சேன்."

சிசிலியா போனை வாங்கிக்கொண்டாள். "அப்பா, அப்ப சொல்லுங்க பார்ப்போம்."

கெலெபி சொன்னான். பாதியில் நின்றுவிட்டான். கோயில் வாசலில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு, சிசிலியா சத்தமாக அடுத்த வார்த்தையை அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தாள்.