சித்தப்பா அராவிய தோட்டாக்கள்

"…இப்பிடி ஒவ்வொண்டா அராவிக்கொண்டிருந்தா, நீங்கள் போய்ச் சேரேக்கை அந்த மான் பேரப்பிள்ளையும் கண்டிடும்," என்று கராஜ் வாசலில் நின்று சொன்னார் சித்தி. சித்தப்பா அடுத்த தோட்டாவை எடுத்தார். சித்தி தேநீரை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். தோட்டா இருக்கிற இடத்துக்குள் அவர் கால் வைப்பதில்லை. சண்டைக் காலத்தில் ஊரில் பார்த்தது போதுமாம்.

ஊரை விட்டு வெளிநாடு வந்து, ஏவன்டேலில் நாங்களும் அவர்களும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா மனுரேவாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிறவர். கடைச் சாமான் எதுவும் அரைவாசி வேலை முடிந்ததுதான், மிச்சத்தை வாங்கினவன் முடிக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியின் புண்ணியத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு கிரைண்டர்கள் எங்கள் வீட்டில் ஓடாமல் கிடந்தன.

அந்த வருடம் அவரோடு வேலைசெய்யும் மூன்று பேர், ஒரு காட்டில் மான் வேட்டையாட அனுமதி கொடுக்கும் சீட்டுக் குலுக்கலில் பெயர் கொடுத்தபோது, நாலாவதாகச் சித்தப்பாவின் பெயரையும் எழுதினார்கள். குலுக்கலில் அவர்களுக்கே விழுந்தது. லைசென்ஸ் எடுத்து, ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து பழைய துவக்கையும் ஒரு பெட்டி தோட்டாவையும் வாங்கி வைத்தார். மூன்று மாதமாக வீட்டில் வேறு கதையே இல்லை.

வில்லங்கம் அனுமதித் தாளில் வந்தது. பட்டதும் முனை விரிகிற தோட்டாதான் கொண்டுவரலாம் என்று அதில் எழுதியிருந்தது. சித்தப்பாவிடம் இருந்தவை முனைவரைக்கும் செப்பு உறை போட்ட, விரியாத தோட்டாக்கள். அவை மானை ஊடுருவிப் போய்விடுமாம், மான் காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகுமாம். வெஸ்ட்கேட்டில் கடை இருக்கிறதே, போய்ச் சரியானதை வாங்கு என்றார் அப்பா. சித்தப்பா சிரித்தார். முனையை அராவிவிட்டால் இதுவும் விரியும்தானே என்று அரத்தை எடுத்தார்.

பெரிய வெள்ளி காலை. கூட்டாளிகளில் மூத்தவர், தாடிக்காரர், வாகனத்தோடு வந்து நின்றார். சித்தப்பா தோட்டாவைப் பற்றி மூச்சு விடவில்லை. நான்தான் ஓடிப்போய், எல்லாவற்றையும் எங்கள் சித்தப்பா தன் கையால் அராவினவர் என்று அவரிடம் ஆங்கிலத்தில் பெருமையடித்தேன்.

தாடிக்காரர் சித்தப்பாவிடம் ஒரு தோட்டாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதன் உறை குழலுக்குள் கழன்று சிக்கினால் அடுத்த வெடி உன் முகத்தில்தான் என்றார். இந்தத் துவக்குக்குப் பக்கத்தில் தான் நிற்கமாட்டேன் என்றும் சொன்னார். அவருடைய தோட்டா சித்தப்பாவின் துவக்குக்குப் பொருந்தாது. பெரிய வெள்ளி என்றால் ஒரு கடையும் திறந்திராது. சித்தப்பா துவக்கை உள்ளே பூட்டி வைத்துவிட்டு வந்து, அடுத்த முறை பார்ப்போம், நீங்கள் போங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

சித்தி வெளியே வந்தார். காட்டில் நிற்கப்போகிற மூன்று நாளும் யார் சமைப்பது என்று தன் ஆங்கிலத்தில் தாடிக்காரரிடம் கேட்டார். டின்னில் அடைத்த அவரை விதை இருக்கிறது என்றார் அவர்.

"இஞ்சருங்கோ," என்று சித்தப்பாவிடம் திரும்பினார் சித்தி, "உங்கடை துவக்கையே கூப்பிட்டவை? உங்களைத்தானே கூப்பிட்டவை."

நேற்றுவரை பகிடி பண்ணிய மனுசி இன்று ஏன் அவரை அனுப்பிவைக்க இப்படி முண்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆறு வருடமாகச் சித்தப்பா அந்தத் தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டைத் தன் காருக்குள் இருந்து தனியாகத்தான் சாப்பிட்டார் என்பது சித்திக்குத் தெரியும். எனக்கு அது தெரியவர இன்னும் கனகாலம் எடுத்தது.

சித்தி குசினிக்குள் போய்ப் பெரிய சட்டியையும் கறித்தூள் போத்தலையும் தூக்கி வந்து, தாடிக்காரரின் வாகனத்துக்குள் வைத்தார். முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, சித்தப்பா ஏறும்வரைக்கும் அப்படியே நின்றார்.