டாக்டரம்மா விட்டுக்கொடுத்த குழி

என் சமையலறையில் ஏலக்காய் போட்டு வைக்கிற டப்பாவுக்குள் ஒரு கோல்ஃப் பந்தும் கிடக்கிறது. பாயசத்துக்குக் காய் எடுக்க வரும் மருமகள், "அத்தை, இதத் தூக்கிப் போட்டா என்ன?" என்று எப்போதாவது கேட்பாள். போட்டுத்தான் பாரேன், அப்புறம் தெரியும் சேதி என்பேன். ஒரு காலத்தில் வெள்ளை வெளேரென்று இருந்த பந்து. இப்போது வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டையின் விளிம்பு பட்டு ஆழமாக ஒரு வெட்டு. முகர்ந்து பார்த்தால் ஏலக்காய்தான் மணக்கும். அந்த வாசம் அதற்கு என் டப்பாவுக்குள் வந்த பிறகு ஏறியது இல்லை. அதற்கு வெகு முன்பே, ஒரு மத்தியான வேளையில், ஒரு ஏலக்காட்டு ஓரத்தில் ஏறிய வாசம் அது.

எழுபதுகளின் நடுவில், நர்ஸ் படிப்பை முடித்த கையோடு, சிலமலையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு போடிமெட்டுக்கு மேலே இருந்த ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரி என்றால் ஓடு வேய்ந்த ரெண்டு அறை, நாலு கட்டில், ஒரு டாக்டரம்மா. நாற்பது வயதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், மதுரைக்காரர். சேலையை இழுத்துச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டு, சாயங்காலமானால் கிளப் மைதானத்தில் பந்தடிக்கப் போய்விடுவார். எங்கள் ஊரில் ஒரு பொம்பளை கையில் கம்பை எடுத்தால் மாடு பத்தத்தான் எடுப்பாள். முதல் நாள் அவரைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு மண்டையில் ஏதோ கோளாறு என்றுதான் ஆத்தாவுக்குக் கடுதாசி போட்டேன்.

மருந்து அலமாரிக்கு மேலே அவருடைய சிற்றலை ரேடியோ இருக்கும். கோல்ஃபில் பெரிய போட்டிகள் வருஷத்துக்கு நாலு. அந்த நாலையும் நான் மழையை வைத்துத்தான் மனதில் பதித்துக்கொண்டேன். ஏப்ரலில், ஏலச்செடிக்குக் கோடை மழை வருமா வராதா என்று எல்லோரும் வானத்தைப் பார்க்கும்போது முதல் போட்டி. அதில் ஜெயிக்கிறவருக்குப் பச்சைக் கோட்டு மாட்டி விடுவார்கள். சாரல் பிடிக்கிற ஜூனில் அமெரிக்காக்காரர்களின் ஓப்பன். மழை கொட்டுகிற ஜூலையில் கடலோரத்தில் நடக்கும் பிரிட்டிஷ் ஓப்பன். இங்கே பெய்கிற மழையும் ரேடியோவுக்குள் இரைகிற காற்றும் கலந்து ஒன்றுமே விளங்காது. காய் பறிப்பு தொடங்குகிற ஆகஸ்டில் நாலாவது. ஒவ்வொன்றும் நாலு நாள் ஆட்டம், நாளைக்குப் பதினெட்டுக் குழி. ரெண்டு நாள் முடிந்ததும் பாதிப்பேரைப் பெட்டி கட்டச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "பாவம், அம்புட்டுத் தூரம் வந்தவுகள சோறு போடாம அனுப்புறாகளா?" என்று நான் கேட்டதற்கு டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அவர் ஆட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கிளப் மைதானத்தில் இருந்ததே ஒன்பது குழிதான்; அதையே ரெண்டு சுற்று வந்தால் பதினெட்டு. அதில் ஒரு குழிக்குப் போகிற வழியில் அட்டைப் பள்ளம் என்று ஒரு சதுப்பு. மற்ற இடமெல்லாம் நூல் பிடித்தது போல நேராக அடிப்பவர், அங்கே மட்டும் பந்தைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் போடுவார். அப்புறம் எட்டு அடி, பத்து அடி, காலெல்லாம் அட்டை. கிளப் கோப்பையில் மொத்த அடியைக் கூட்டிக் குறைவானவருக்குப் பரிசு கொடுப்பார்கள். ஸ்ட்ரோக் பிளே என்று அதற்குப் பெயர். ஒரு பள்ளத்தில் விழுந்தால் அந்தக் கணக்கில் எழுந்திருக்கவே முடியாது. வருஷா வருஷம் கோப்பை மேனேஜர் ஐயாவின் வீட்டு அலமாரிக்கே போய்ச் சேர்ந்தது.

அந்த மேனேஜர் ஐயா கெட்ட மனிதர் இல்லை. காது மட்டும் கொஞ்சம் மந்தம், அதுவும் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜீப்பு வேண்டும் என்று கேட்கிறபோது மட்டும். கூலிக்காரர்கள் குடியிருந்த லயன் வீடுகளில் யாருக்காவது பிரசவம் சிக்கலானால், கம்பளியில் தூளி கட்டி நாலு ஆள் தோளில் சுமந்து மெயின் ரோட்டுக்கு வருவார்கள். அங்கே ஏதாவது லோடு லாரி கையைக் காட்டினால் நிற்க வேண்டும். நின்றால் கீழே போடி ஆஸ்பத்திரி, நிற்காவிட்டால் விதி. அந்தத் தூளிக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்திருக்கிறேன். ஒரு தடவை ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது தூளிக்குள் சத்தமே இல்லை. அதற்குப் பிறகு டாக்டரம்மா பல நாள் மைதானத்துக்குப் போகவில்லை.

மறுபடி போனவர், கிளப் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாராம்: "இந்த வருஷம் நான் கோப்பையை ஜெயிச்சா, மேனேஜர் சார் ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஜீப்பு நிறுத்தணும்." எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் ஐயாவும் சிரித்துக்கொண்டே சரி என்றார். உடனே அடுத்ததை எடுத்துப் போட்டார் டாக்டரம்மா. இந்தத் தடவை ஆளுக்கு ஆள் மோதுகிற மேட்ச் பிளே வைக்க வேண்டும். அதில் மொத்தக் கணக்கு இல்லை. ஒவ்வொரு குழியும் ஒரு தனிப் பந்தயம். பள்ளத்தில் பத்து அடி அடித்தாலும் போவது அந்த ஒரு குழிதான், அடுத்த குழியில் புதுசாகத் தொடங்கலாம். உலகத்தின் நாலு பெரிய போட்டிகளில் ஆகஸ்ட் போட்டியே முன்பு ரொம்ப காலம் அப்படித்தான் நடந்தது என்று ரேடியோவைச் சாட்சிக்கு இழுத்தார். தோற்றவர் பாதியிலேயே டிபனுக்குப் போய்விடலாம் என்றதும் கமிட்டிக்காரர்களுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. மறுநாள் என்னிடம் சொன்னபோது அவருடைய கண்ணில் இருந்த கள்ளத்தனத்தைப் பார்க்க வேண்டுமே!

அவர் கணக்குப் பலித்தது. ஒவ்வொருவராகத் தோற்கடித்து, கடைசி ஆட்டத்துக்கு மேனேஜர் ஐயாவின் எதிரில் போய் நின்றார். அன்றைக்கென்று மட்டைப் பை தூக்குகிற பயல்கள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்கு மலையிறங்கிவிட்டார்கள். டாக்டரம்மாவின் பையை நான் தூக்கினேன். மேனேஜர் ஐயாவின் பைக்கு, காய் பறிக்கும் பெண்களில் நல்ல திடகாத்திரமான ஒருத்தியை மேஸ்திரி அனுப்பினார். எங்கள் ஊர்ப் பக்கத்தவள். நான் அவளை மதினி என்பேன். மதினிக்கு வாயும் கையும் சும்மா இருக்காது. "என்ன சிஸ்டரு, ஒரு பந்துக்கு இம்புட்டு நடையா? எங்காட்டுல நடந்திருந்தா ஒரு மூடை காய் ஆகியிருக்கும்" என்று வழியெல்லாம் என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தாள்.

கடைசிக் குழிக்கு வரும்போது டாக்டரம்மா ஒரு குழி முன்னால் இருந்தார். அதில் சமன் செய்தாலே போதும், ஜீப்பு எங்களுக்கு. மேனேஜர் ஐயாவின் பந்து குழியை நெருங்கிவிட்டது. டாக்டரம்மா அடித்தது ஓரமாக உருண்டு, மைதானத்தை ஒட்டிய ஏலக்காட்டுக்குள் போனது. மதினி எங்களுக்கு வெகுதூரம் முன்னால், சரியாக அந்த ஓரத்தில்தான் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தால் பந்தைக் காணோம். மதினியோ குனிந்து, செடித் தூரில் பழுத்த காயாகப் பார்த்துப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏ மதினி, இங்கிட்டு ஒரு பந்து வந்துச்சே, பாத்தியா?"

"இதையா தேடுறீக?" என்று மடிக்குள் கையை விட்டு, காயோடு காயாகக் கிடந்த பந்தை எடுத்து நீட்டினாள். "கீழ கெடந்தத பொறுக்காம விட்டா மேஸ்திரி வைவாரு. கை அதுபாட்டுக்கு எடுத்துருச்சு தாயி."

எனக்குச் சிரிப்பு வெடித்தது. மேனேஜர் ஐயாவின் முகம் சிவந்துவிட்டது. ஆட்டத்தைப் பார்க்கக் கூட வந்த கிளப் செக்ரட்டரி விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். எதிராளியின் பை தூக்குகிறவர் பந்தை எடுத்தால், அந்த எதிராளிக்கு ஓர் அடி தண்டம். அதாவது மேனேஜர் ஐயாவுக்கு. அவ்வளவுதான், ஜீப்பு வந்தேவிட்டது என்று நான் மனதுக்குள் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்துவிட்டேன். அப்போது மேனேஜர் ஐயா மதினியைப் பார்த்து, "நாளையிலிருந்து நீ காட்டுப் பக்கமே வராதே" என்றார். மதினியின் கையிலிருந்த காய்கள் கீழே சிந்தின. இந்தத் தடவை அவள் பொறுக்கவில்லை.

டாக்டரம்மா மதினியைப் பார்த்தார். பிறகு மட்டையை என் கையில் கொடுத்தார். "சார், இந்தக் குழியை நான் விட்டுக்கொடுக்கிறேன். மேட்ச் பிளேயில அது செல்லும். அவ எடுத்ததால நீங்க தோத்தீங்கன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது. அவ வேலைக்கு வரட்டும்." செக்ரட்டரி மறுபடி புத்தகத்தைப் புரட்டி, செல்லும் என்று தலையாட்டினார். ஆட்டம் சமன். அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்து குழிக்கொடியே தெரியாமல் போயிற்று. மறுநாள் காலையில் மறுபடி ஆடுவது என்று கலைந்தோம். "அமெரிக்கா ஓப்பன்லயும் சமன் ஆனா மறுநாள்தான் ஆடுவாங்க" என்று டாக்டரம்மா பெருமையாகச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! "பொழைக்கத் தெரியாத மனுசி நீங்க! கைக்கு வந்த ஜீப்ப யாராச்சும் இப்படித் தூக்கிக் குடுப்பாகளா?" என்று ஆஸ்பத்திரி வரைக்கும் வைதுகொண்டே வந்தேன். நான் களைத்துப்போய் நிறுத்திய பிறகு, "அடியை மட்டும் எண்ணுற ஆட்டத்துல இப்படிக் குடுக்க வழியே இல்ல சிஸ்டர்" என்றார்.

மறுநாள் காலை வானம் கழுவி விட்டது போல இருந்தது. மேனேஜர் ஐயா தன் ஜீப்பில் வந்து இறங்கினார். மதினி மட்டும் வரவில்லை. பார்த்துப் பார்த்து, டாக்டரம்மா முதல் பந்தை அடிக்க மட்டையை ஓங்கிய நேரத்தில், சரிவில் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "டாக்டரம்மா, எந் தங்கச்சிக்கு வலி எடுத்து விடியக்காலம் புடிச்சுத் துடிக்கிறா! பிள்ளை கை முன்னால வருது!"

ஓங்கிய மட்டை அப்படியே புல்லில் விழுந்தது. டாக்டரம்மா சேலையைத் தூக்கிச் செருகியபடி மேனேஜர் ஐயாவின் ஜீப்பை நோக்கி ஓடினார். நானும் ஓடினேன், என் தோளில் கோல்ஃப் பை ஆடிக்கொண்டே வந்தது. "டாக்டர், ஆட்டம்?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. "நீங்க ஜெயிச்சுட்டீங்க சார்!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினார். குரங்கணிக்கார டிரைவர் அண்ணன் சாவியில் கையை வைத்துக்கொண்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தார். மேனேஜர் ஐயா ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு, "என்னடா பார்க்கிறே? வெரசாப் போடா!" என்று அவர் போட்ட சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. அந்த ஒரு சத்தத்துக்காக அவர் செய்த எல்லாவற்றையும் நான் மன்னித்துவிட்டேன்.

லயனில் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு மலை ரோட்டில் வளைந்து வளைந்து இறங்கினோம். மட்டைகள் ஒரு பக்கம் கடகடக்க, மதினி கும்பிடாத சாமி இல்லை. போடி ஆஸ்பத்திரியில் தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஆம்பளைப் பிள்ளை, தொண்டை என்றால் அப்படி ஒரு தொண்டை. திரும்பி வந்த டாக்டரம்மா ஜீப்பை நேராக எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொல்லி, சாவியை வாங்கித் தன் வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மேனேஜர் ஐயா நடந்தே வந்தார். டாக்டரம்மா டீ கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினார்கள், ரேடியோவைப் பற்றிப் பேசினார்கள். ஜீப்பைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. குடித்துவிட்டு நடந்தே போனார். அவர் அலமாரிக்கு இன்னொரு கோப்பை, எங்கள் வாசலுக்கு ஒரு ஜீப்பு. அதற்குப் பிறகு நான் அங்கிருந்த காலம் வரை எந்தத் தூளிக்குப் பக்கத்திலும் குடை பிடித்து நடக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் டாக்டரம்மா ஓய்வுபெற்று மதுரைக்குப் போனார். சில வருஷம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தபோது, பெற்றவள் செத்தது போல அழுதேன். கூட இருந்து அழ வந்த மதினி, போகும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்து இந்தப் பந்தை என் கையில் வைத்தாள். அன்றைக்குக் கலாட்டாவில் யாரும் திருப்பிக் கேட்கவில்லையாம். மடியிலேயே கொண்டுபோய்க் காய் மூடைக்குள் போட்டு வைத்திருக்கிறாள். கீழே கிடந்ததை எடுத்த கை, வைத்துக்கொள்ளவும் தெரிந்த கை.

அன்று பிறந்தவன் இப்போது போடிக்கும் குரங்கணிக்கும் ஜீப்பு ஓட்டுகிறான். ஞாயிறு இரவில் பெரிய போட்டி ஏதாவது இருந்தால் என் வீட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வான். இன்றைக்கு அந்த நாலு போட்டியும் அடியை எண்ணுகிற ஆட்டம்தான். பந்து குழி வாயிலேயே நின்றாலும் அதையும் தட்டிப் போட்டாக வேண்டும். யாரும் யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது. போன வாரமும் ஒருவன் உள்ளங்கை அகலத் தூரத்துக்குக் குனிந்து, நிமிர்ந்து, நடந்து பார்த்து, மறுபடி குனிந்துகொண்டிருந்தான். டப்பாவிலிருந்து பந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்து நான் சொன்னேன்: "போதும்ப்பா, எடுத்துக்கோ. விட்டுக்குடுத்தாச்சு."

"யாரு பெரியம்மா விட்டுக்குடுத்தது?" என்று ஜீப்புக்காரன் கேட்டான்.

"ஒருத்தவுக. நீ பொறக்குறதுக்கு மொத நாளு" என்றேன்.