எக்ஸ்ரே அக்காவின் கனமான தட்டுகள்

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலும்பு மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. யாருக்காவது கை கால் பிசகினால் முதலில் தட்டுவது அவள் வீட்டுக் கதவைத்தான். "வெறும் சுளுக்குதான், பயப்படாதீங்க" என்றோ, "எதுக்கும் நாளைக்கு வந்து ஒரு படம் எடுத்துடுங்க" என்றோ சொல்லி அனுப்புவாள். வந்தவர்கள் வலியை மறந்து, வாயைப் பிளந்துகொண்டு அவள் ஹாலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஹாலுக்கு நட்ட நடுவே, அறையை இரண்டாகத் தடுத்தபடி, ஆளுயரத்துக்கும் மேலே ஓர் அலமாரி. அதன் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நிற்பவை இசைத்தட்டுகள்.

அத்தனையும் மறுபதிப்புகள். பழைய தட்டுகளைத் தேடி அலைகிறவர்கள் இதைக் கேட்டால் மூக்கைச் சுளிப்பார்கள். அவள் சட்டை செய்ததில்லை. "பழசு வாங்கினா முன்னாடி வச்சிருந்தவன் போட்ட கீறலையும் சேத்து கேக்கணும். இதுல கீறல் விழுந்தா அது நான் போட்டதுதான்" என்பாள்.

அவள் பாடகரைப் பார்த்து வாங்குகிறவளும் இல்லை, தட்டை வெளியிடும் கம்பெனியின் லேபிளைப் பார்த்து வாங்குகிறவள். 'நீலக்கொக்கு' என்று ஒரு சின்ன லேபிள். எந்தக் கிடங்கிலோ மட்கிக் கிடக்கும் ஒலிநாடாக்களைத் தோண்டி எடுத்து, அழுக்கு நீக்கி, புதுத் தட்டாகப் போடுகிறவர்கள். உறையின் பின்பக்கம் யார் தாளம் போட்டார், யார் ஒலிப்பதிவு செய்தார் என்று கடைசி ஆள் வரை விசாரித்து அச்சடித்திருப்பார்கள். அடுத்தது 'பின்கதவு'. வெறும் பழுப்பு அட்டைதான் உறை, படம்கூடக் கிடையாது. ஆனால் ஊசியை வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும். இந்த இரண்டு பேரும் எதை வெளியிட்டாலும் அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவாள். மொழி புரியாத பாட்டாக இருந்தாலும் சரி, பேர் தெரியாத வாத்தியமாக இருந்தாலும் சரி. "மனுஷங்களைவிட லேபிளைத்தான் இவ நம்புறா" என்று அவள் கணவர் கேலி செய்வார். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அந்த அலமாரியைச் செய்துகொடுத்தவரும் அவர்தான்.

நீலக்கொக்கின் தட்டுகளில் அவளுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அவை சாதாரணத் தட்டைவிடக் கனமாக வார்க்கப்பட்டவை. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒன்றைக் கொடுத்து, "தூக்கிப் பாருங்க, எவ்ளோ கனம்!" என்பாள். என்னமோ அவளே வார்த்தது மாதிரி.

ஒரு காலையில் வேலைக்கு இறங்கிப் போகும்போது கீழ்வீட்டுத் தையல்காரப் பெண் கதவருகே நின்றிருந்தாள். தோளில் கைக்குழந்தை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்ட பெண். பிரசவத்தின்போது கூட ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள் எக்ஸ்ரே அக்காதான்.

"அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன். கூரையில ஏதோ கோடு விழுந்திருக்கு. இவருக்குக் காட்டினேன், ஒட்டடைங்கறாரு."

எக்ஸ்ரே அக்கா உள்ளே போய் அண்ணாந்து பார்த்தாள். ஹாலின் நடுவே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நோக்கி, மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மேலே தன் வீட்டில் என்ன இருக்கிறது என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அலமாரியின் நிழல் அப்படியே கூரையில் விழுந்ததுபோல இருந்தது. அதற்கு நேர் கீழே குழந்தையின் மரத் தொட்டில்.

"என்னக்கா, பயப்படற மாதிரியா?"

"சேச்சே. பூச்சு காஞ்சு வெடிச்சிருக்கும். எல்லா வீட்லயும் வர்றதுதான்."

சொல்லிவிட்டாள். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அன்று மருத்துவமனையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். படத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. "இவ்ளோ சின்னதாத்தானே இருக்கு?" என்று ஆசிரியை கேட்டார். இப்படிக் கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் பதில் அவளிடம் உண்டு: சின்னதோ பெரிசோ, வெயிட் மட்டும் போட்டுடாதீங்க. அதைச் சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அதன்பின் அவள் சொந்த வீட்டிலேயே பூனைபோல நடக்க ஆரம்பித்தாள். சமையலறைத் தராசில் ஒரு தட்டை வைத்துப் பார்த்தாள். முள் நகர்ந்த தூரத்தைப் பார்த்ததுமே, மொத்தத்தையும் பெருக்கிப் பார்க்கும் தைரியம் போய்விட்டது. கீழே குழந்தை அழுதால் தூக்கிவாரிப் போட்டது. அழுகை நின்றால் அதைவிட மோசம். கணவர் நாற்காலியை இழுத்தால், "மெதுவா, மெதுவா!" என்று கத்தினாள்.

"ஏம்மா, தரை என்ன கண்ணாடியா?" என்றார் அவர்.

அவரிடம் சொன்னால் அடுத்த நிமிடமே கீழே போய்ச் சொல்லிவிடுவார். அவர் அப்படிப்பட்ட ஆள். பிறகு வீட்டு உரிமையாளர் வருவார், அலமாரியைக் காலி செய் என்பார், வீட்டையே காலி செய் என்பார். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். 'பூச்சுதான்' என்று தான் சொன்னதற்கு என்ன பதில் சொல்வது?

அந்த நேரம் பார்த்து நீலக்கொக்கிலிருந்து பெட்டி வந்து இறங்கியது. வருஷக்கணக்காக அவர்கள் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த தொகுப்பு. கூரியர்காரர் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கிவந்து, "உள்ள என்னங்க, செங்கல்லா?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அங்கேயே பிரித்துக் காட்டியிருப்பாள். இப்போது வாசற்படியைத் தாண்டி அதை உள்ளே வைக்கவே கை வரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பவும் கீழே இறங்கி, ஆட்டோ பிடித்து, மருத்துவமனைக்கே கொண்டுபோனாள்.

அங்கே எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. படங்களையெல்லாம் பிலிமில் எடுத்த காலத்தில் அவற்றை அடுக்கிவைத்த அறை. எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபின் இரும்பு அடுக்குகள் காலியாக நின்றன. தரைத்தளம், கீழே வெறும் மண். பெட்டியை அங்கே வைத்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சோடு ஒரு யோசனையும் வந்தது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டுப் பையோடு இன்னொரு பையும் தோளில் ஏறியது. ஒரு பை நிறையத் தட்டு. தினமும் வரிசையின் உட்பக்கத்திலிருந்து உருவி, முன்னால் இருப்பதை இழுத்து இடைவெளியை மறைத்தாள். கையை நீட்டி ஓடவிட்டால் எங்கே எந்தத் தட்டு இருக்கிறது என்று தெரிந்த அலமாரி அது. இப்போது அதிலிருந்தே திருடுகிறவளைப்போல இருந்தது. தோள் வீங்கியது. படியில் தையல்காரப் பெண் பார்த்தால் சிரித்துவைத்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை.

கணவர் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கேட்க ஏதாவது எடுக்கலாம் என்று அலமாரியில் கை வைத்தவர், அந்த வரிசை அப்படியே சரிந்து விழுவதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"பின்கதவெல்லாம் எங்கே? வித்துட்டியா? என்ன கஷ்டம் உனக்கு? எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பாள். பயம் இருந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அலமாரியின் பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நடுவுல வைன்னு நீ கேட்டே. வச்சது நான்தானே. எனக்கும் தோணியிருக்கணும். எந்திரி, போய்ச் சொல்லிட்டு வரலாம்."

"நான் தனியா போறேங்க."

தையல்காரப் பெண் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே அக்கா முதலில் தொட்டிலைப் பிடித்துச் சுவரோரம் தள்ளினாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பூச்சு இல்லம்மா அது. என் அலமாரிதான். பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். பயத்துல மறைச்சுட்டேன். பாதித் தட்டை இறக்கிட்டேன், மீதியையும் இறக்கிடறேன்."

அந்தப் பெண்ணின் கால் மிஷின் மிதியிலேயே இருந்தது. கூரையைப் பார்த்தாள். தொட்டில் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் நானும் சும்மா இருந்தேன். இத்தனை நாள் புள்ளைய அதுக்குக் கீழதானே அக்கா படுக்க வச்சேன்?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போய்ட்டு வந்தீங்க."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் உள்ளறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் திரும்பியும் வரவில்லை.

மறுநாள் கட்டட இன்ஜினியர் ஒருவர் வந்தார். கணவர் போன் செய்து சொன்னதும் வீட்டு உரிமையாளர் அனுப்பிய ஆள். கீழே ஏணி போட்டுத் தட்டிப் பார்த்தார், மேலே வந்து மண்டியிட்டு உருண்டைக் கல் ஒன்றை உருட்டிப் பார்த்தார். அது அலமாரியை நோக்கித்தான் ஓடியது. எக்ஸ்ரே அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இடிஞ்சு விழற கட்டத்துல இல்லீங்க" என்றார் அவர். "ஆனா விளையாட்டும் இல்லை. தளம் பழசு. நூலகத்துல வைக்கிற பாரத்தைக் கொண்டுவந்து நடுவுல வச்சிருக்கீங்க. எல்லாத்தையும் எடுங்க. கொஞ்சம் வேணும்னா உத்தரம் ஓடற அந்த ஓரச் சுவர்ல வச்சுக்கலாம். பாதி இறக்கினது நல்லதாப் போச்சு."

கீழே போய், விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பசை வைத்து ஒட்டினார். விரிசல் துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடுமாம். மழைக்காலம் முடியும்வரை உடையாமல் இருந்தால் பயமில்லை என்றார்.

அலமாரியைக் கணவர் பிரித்துப் போட்டார். மருத்துவமனையின் பெரிய டாக்டரிடம் அந்தப் பின்னறையைக் கேட்டபோது, "அந்த ரூம் சும்மாதானே கிடக்கு? அப்பப்ப எனக்கும் ஏதாவது போட்டுக் காட்டும்மா" என்று சொல்லிவிட்டார். எதை மேலே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. ஓரச் சுவரில் சின்ன அடுக்கு ஒன்றுக்குத்தான் இடம். நீலக்கொக்கை வைத்தால் கனம், பின்கதவை வைத்தால் நீலக்கொக்கு இல்லாத வீடு. கடைசியில் கனமானவையெல்லாம் மருத்துவமனைக்குப் போயின. எந்தக் கனத்தை ஊரெல்லாம் தூக்கிப் பார்க்கச் சொன்னாளோ அதை இப்போது அவளே ஒவ்வொன்றாகச் சுமந்து இறக்கினாள்.

மழை ஆரம்பித்தது. வேலை முடிந்து வரும்போதெல்லாம் கீழ்வீட்டு வாசலில் நின்று, "கண்ணாடி..." என்று இழுப்பாள். முதலில் தையல்காரப் பெண்ணின் கணவர்தான் எட்டிப் பார்த்து, "இருக்குங்க" என்பார். அந்தப் பெண் மிஷினிலிருந்து நிமிரமாட்டாள். அக்கா என்ற சொல் அந்த வீட்டிலிருந்து கேட்டுப் பல நாளாயிற்று. சில நாள் மழை விடாமல் அடிக்கும்போது, படம் எடுத்துக்கொண்டிருக்கையிலேயே எக்ஸ்ரே அக்காவின் காதில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டுவிடும். நோயாளியை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, தானே நடுங்குவாள்.

பிறகு ஒரு நாள் அவள் கேட்பதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது. "இருக்கு, இருக்கு. உடையலை." அந்தப் பெண்தான். இன்னும் சில நாள் கழித்து, "நீங்களே வந்து பாத்துக்கங்க, எனக்குக் கழுத்து வலிக்குது" என்றாள். எக்ஸ்ரே அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தொட்டில் உள்ளறைக்கே நிரந்தரமாகப் போயிருந்தது. குழந்தை தரையில் குப்புறப் படுத்து, கையை ஊன்றித் தலையைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அவ்வளவு வளர்ந்திருந்ததே அவளுக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிந்தபின் இன்ஜினியர் வந்து பார்த்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. "எடுத்துட்டுப் பூச்சு பூசிடலாம்" என்று ஏணியில் கால் வைத்தார்.

"வேண்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள் தையல்காரப் பெண்.

"அதெல்லாம் தேவையில்லம்மா."

"உங்களுக்குத் தேவையில்லை. எனக்கு வேணும்."

வாசலருகே நின்ற எக்ஸ்ரே அக்காவும் அவசரமாகத் தலையாட்டினாள். "ஆமாங்க, இருக்கட்டும். எங்க ரெண்டு பேருக்கும் வேணும்."

தையல்காரப் பெண் அவளைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "உக்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, மிஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து ஓரமாக வைத்தாள்.