இடைச்செருகல் வரையாமல் விட்ட படங்கள்

அந்த அலுவலகத்தில் பட்டப்பெயர் இல்லாத ஒரே ஆள் சுவரில் தொங்கிய கடிகாரம்தான். முதலாளிக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். பின்னணிக் குரல் கொடுக்கிறவருக்கு ‘சளி’. நம் ஆளுக்கு ‘இடைச்செருகல்’.

பழைய நூல்களில் பின்னால் வந்த எவனோ தன் பாட்டைச் சொருகிவிட்டுப் போவானே, அந்த இடைச்செருகல் இல்லை. கார்ட்டூனைக் கையால் வரைந்த காலத்தில், பெரிய ஓவியர் குதிரை காலைத் தூக்குகிற படம் ஒன்றும் ஊன்றுகிற படம் ஒன்றும் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். அந்தக் கால் எப்படி இறங்கியது என்று நடுவில் வருகிற படங்களையெல்லாம் வரைந்து செருகுவது இவர் வேலை. இவர் செருகிய குதிரை ஓடினால், பக்கத்து மேஜைக்காரர் டம்ளரைத் தள்ளி வைத்துக்கொள்வாராம், உதைத்துவிடும் என்று. அந்த மேஜைக்காரர் சத்தியம் செய்து சொல்வார். நம்பாதவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வித்தை வந்தது அக்காவின் டிக்கெட் கட்டுகளிலிருந்து. அக்கா பஸ் கண்டக்டர். அம்மா இல்லாத வீட்டில் சோறும் அவள்தான், அதட்டலும் அவள்தான். அச்சுக் கோணலாகி ஒதுக்கிய டிக்கெட் கட்டுகளைத் தம்பிக்குக் கொண்டுவந்து போடுவாள். அவன் ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு குண்டு மனிதனை வரைந்து கட்டைவிரலால் சரசரவென்று விட்டால், குண்டன் நடந்து வந்து பஸ்ஸில் ஏறுவான். ஒருமுறை சோம்பல்பட்டு நடுவில் சில தாள்களை வெறுமனே விட்டுவிட்டான். குண்டன் தரையில் நின்றான், கண் சிமிட்டுவதற்குள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தான்.

“என்னடா இது, பறந்து வந்துட்டானா?” என்றாள் அக்கா. “படியில கால் வைக்கிறதப் போடு. எல்லாரும் விழுறது அங்கதான்டா.”

அதன் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. முதல் நிலையையும் கடைசி நிலையையும் காட்டினால் போதும், நடுவில் உள்ளதை அதுவே நிரப்பிக்கொள்ளும். இடைச்செருகலுக்கு வேலை போய்விடும் என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள், போகவில்லை, உயர்ந்தது. மருந்துக் கம்பெனிகளுக்கும் ஆஸ்பத்திரிக் கருவி செய்கிறவர்களுக்கும் விளம்பரப் படம் எடுப்பதென்று ‘நாளைக்கு’ முடிவு செய்தபோது, எந்தப் படத்துக்கு எந்தப் பாணி என்று சொல்கிற நாற்காலி இவருக்கு வந்தது. சிறுநீரகத்துக்குக் கண்ணும் சிரிப்பும் வைத்தவர் இவர்தான். ஒரு மாத்திரை வயிற்றில் கரைகிற அழகைப் பார்த்து, வியாதியே இல்லாத ஒருத்தர் அதை வாங்கி விழுங்கினார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு.

அப்படித்தான் முட்டி வந்தது. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் பொருத்துகிற உலோக மூட்டைச் செய்யும் கம்பெனி. ஆஸ்பத்திரிகளின் காத்திருக்கும் அறைகளில் ஓடுவதற்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள். இவர் இரண்டு மாதிரிகள் செய்தார்.

ஒன்று, கையால் வரைந்த கோட்டுப் படம். வயதான ஒரு பெண்மணி. ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை மடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. துண்டைக் காலில் மாட்டி இழுக்கிறாள். வியர்க்கிறது, திட்டுகிறாள், மறுபடியும் மடக்குகிறாள். கடைசியில் நடக்கிறாள். இன்னொன்று முப்பரிமாணப் படம். ஆளே கிடையாது. இருட்டில் கண்ணாடி போல ஒரு கால் மிதக்கிறது. பளபளவென்று மூட்டு வந்து உட்காருகிறது. கால் மடங்குகிறது, நீள்கிறது, வெண்ணெயில் கத்தி போனது போல.

கம்பெனியிலிருந்து வந்த விளம்பர அதிகாரி இரண்டையும் பார்த்தாள். “முதல் படத்துல அந்தம்மா மூஞ்சியப் பார்த்தா எனக்கே முட்டி வலிக்குது சார்.”

“வலிக்கும்தான மேடம்? ஆபரேஷன் ஆச்சே.”

“வலிக்கும். அத டாக்டர் சொல்லிக்குவாரு. ஆனா இதுல நீங்கதான் அனுபவசாலி. நீங்க எது சொன்னாலும் நான் மேலிடத்துல பேசி வாங்கித் தர்றேன்.”

வாய்ப்பு தட்டில் வைத்து வந்தது. கோட்டுப் படம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோட்டுப் படம்தான். இடைச்செருகல் திரையைப் பார்த்தார். அந்த உலோகத்தின் மேல் ஒரு வெளிச்சக் கீற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. அதைக் கொண்டுவர அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பளபளப்பில் அவர் மயங்கித்தான் போனார்.

“கண்ணாடிக் காலே இருக்கட்டும்” என்றார்.

படம் வெளியான வாரம் அக்காவைக் கூப்பிட்டு வீட்டு டிவியில் போட்டுக் காட்டினார். ஓய்வு பெற்றுவிட்டாலும் அவள் பஸ் பைத்தியம் தீரவில்லை. தினமும் காலையில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டு, இளம் கண்டக்டர்களுக்கு இலவசமாகக் குறையும் சொல்லிவிட்டுத் திரும்புவாள். வாழ்நாளெல்லாம் ஓடுகிற வண்டியில் நின்ற முட்டிகள் இரண்டும் இப்போது கல்லும் மண்ணுமாக அரைத்தன. படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறினாள். பஸ்ஸை விட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

“டேய் தம்பி, இந்த முட்டிய எனக்குப் போட்டா படி ஏறிடுவேனா?”

“ஓடியே ஏறுவ.”

“வலிக்குமாடா?”

அவர் ரிமோட்டை அழுத்தி அந்த இடத்தையே மறுபடி ஓட்டினார். “நீயே பாரேன் அக்கா, எப்படி வழுவழுன்னு போகுது.”

அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

முதலில் வலது முட்டி. ஆபரேஷன் குறை சொல்ல முடியாதபடி நடந்தது. வார்டில் அக்கா பண்ணிய அலப்பறை சொல்லி முடியாது. ஊசி போட வந்த நர்ஸிலிருந்து பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து கிடந்தவள் வரைக்கும், “இது என் தம்பி போட்ட முட்டி” என்றாள். கேட்டவர்கள் தம்பி பெரிய சர்ஜன் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை.

இடைச்செருகல் நிம்மதியாக வேலைக்குத் திரும்பினார். அடுத்த படம் இதய வால்வு. கண்ணாடிக் காலுக்கு ஒரு விருது வேறு கிடைத்திருந்தது. போன் செய்யும்போதெல்லாம், “எப்படி அக்கா இருக்கு?” என்பார். “ஜம்முனு இருக்குடா, நீ வேலையப் பாரு” என்பாள். அந்த ‘ஜம்’மை அவர் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார்.

போய்ப் பார்த்தபோது மாதங்கள் ஓடியிருந்தன. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கால் முன்னால் உலக்கை போல நீட்டிக்கொண்டிருந்தது. மடக்கச் சொன்னார். கொஞ்சம் மடங்கியது, பிறகு நின்றுவிட்டது.

“பயிற்சி கொடுக்க ஒரு பொண்ணு வரும்னாங்களே?”

“வந்துச்சு. ராட்சசி. காலப் பிடிச்சு அமுக்குச்சு பாரு, உயிரே போயிடுச்சு. நாளையிலேருந்து வராதன்னு ரைட் கொடுத்துட்டேன்.”

“ஏன்க்கா?”

“வலிக்குதேடா! உன் படத்துல அது பாட்டுக்குத் தானா மடங்குச்சு. எனக்கு வலிச்சா, எங்கயோ தப்பாயிடுச்சுன்னுதான அர்த்தம்? அமுக்கினா இன்னும் கெடும், செட் ஆகட்டும்னு விட்டுட்டேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

அக்கா புடவை நுனியைத் திருகினாள். அதட்டியே பழகியவளுக்குக் குரல் இறங்கியது. “நீ விருது வாங்கின முட்டிடா. அத நான் கெடுத்துட்டேன்னு எப்படிச் சொல்ல?”

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினார். மூட்டைச் சுற்றித் தசையும் சவ்வும் இறுகிவிட்டன என்றார் டாக்டர். மூட்டு நல்ல மூட்டுதான். வலியோடு மடக்க வேண்டிய முதல் வாரங்கள் போய்விட்டன. இனிப் பாடுபட்டால் நாற்காலியில் ஓரளவு உட்காரலாம், சமதரையில் நடக்கலாம். அதற்கு மேல் ஆசை வைக்க வேண்டாம்.

அன்று வீட்டுக்கு வந்து இடைச்செருகல் படத்தைத் திரும்பவும் போட்டுப் பார்த்தார். மடங்கிய கால், நீண்ட கால். இரண்டே இரண்டு படங்கள்தான் அவர் வைத்தது. நடுவில் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் நிரப்பியது. துண்டு இல்லை, வியர்வை இல்லை, திட்டு இல்லை. வாழ்க்கையெல்லாம் நடுப்படம் வரைந்தே சாப்பிட்ட மனிதர், சொந்த அக்காவுக்கு அதை வரையாமல் விட்டுவிட்டார்.

கோட்டுப் படத்தை அவர் மீண்டும் எடுத்து முடித்தார். கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது. அந்த ‘ராட்சசி’ மட்டும் கேட்டு வாங்கித் தன் போனில் வைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்குக் காட்டுகிறாள். பார்த்தவர்கள் முகம் சுளிக்கிறார்களாம், ஆனால் மடக்குகிறார்களாம். அதை வரைய அக்காதான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். “முட்டிய எப்படி வேணா போடு, மூஞ்சிய மட்டும் கொஞ்சம் இளசாப் போடுடா” என்றாள். அவர் போட்டார். சிரிக்கத்தான் முடியவில்லை.

படம் முடிந்த பிறகு ஒரு காலையில், அக்கா பஸ்ஸில் போயே தீருவேன் என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றார். பஸ் வந்தது. அக்கா கம்பியை எட்டிப் பிடித்தாள். வலது காலைத் தூக்கினாள். அது படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. இடது காலைப் படியில் வைத்தாள். அதுவோ பழைய முட்டி. பாரத்தைக் கொடுத்ததும் நடுங்கி இறங்கிவிட்டது. அவர் குனிந்து தூக்கப் போனார்.

“தொடாதடா. எல்லாரும் பாக்குறாங்க.”

உள்ளே ஆட்கள் மணி பார்த்தார்கள். அந்த இளம் கண்டக்டருக்கு அவளைத் தெரியும். “மெதுவா ஏறுங்கம்மா, வண்டி நிக்கும்” என்றான்.

ஒரு பாட்டிக்காக வண்டியை நிறுத்தி வைக்கிற கண்டக்டரை அவள் பணியில் இருந்த காலத்தில் சும்மா விட்டதில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஒரு அடி பின்னால் வந்து, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் பலமாக இரண்டு தட்டுத் தட்டினாள்.

“ரைட்!” என்றாள், தெருவே திரும்பிப் பார்க்கிற பழைய குரலில்.

பஸ் கிளம்பிப் போயிற்று. இடைச்செருகல் அந்தப் படி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.